கவுன்சலிங் போகணும்: ஆணிடமா, பெண்ணிடமா?

ஃபீஸ் எவ்வளவு, ஒரு செஷன் எவ்வளவு நேரம், ஞாயிற்றுக்கிழமை உண்டா என்பதையெல்லாம் போனிலேயே கேட்டுவிடுகிறோம். வாய் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்க, அங்க லேடி இருக்காங்களா?” ஆண்களுக்கும் அதே தயக்கம்தான், வேறு மாதிரி: “பேசறவங்க ஜென்ட்ஸா இருந்தா தேவலைங்க.” கேட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ, படித்தவர்கள் இதையெல்லாம் பார்க்க மாட்டார்களோ என்று ஒரு கூச்சம். கேட்காமலே போனை வைத்துவிட்டு, அப்பாயின்ட்மென்ட் நாளன்று “ஒறம்பரை வந்துட்டாங்க” என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தெரபிஸ்ட் ஆணாக இருப்பதால் அல்லது பெண்ணாக இருப்பதால் சிகிச்சை நன்றாகப் பலிக்குமா என்பது ஒன்று. அவர் முன்னால் நான் வாயைத் திறப்பேனா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் கிட்டத்தட்ட ‘இல்லை’. இரண்டாவதற்கு ஆளுக்கு ஆள் பதில் மாறும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால், போய் உட்காரப்போவது யாரிடம் என்று தெரிந்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர்; மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். உளவியல் சோதனைகள் செய்வார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சலர் என்ற பெயருக்கு அப்படி ஒரே அளவுகோல் இல்லை. முதுகலை உளவியல் படித்து ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவரும் அந்தப் பெயரில் போர்டு வைத்திருக்கிறார், சில வாரச் சான்றிதழ் வகுப்போடு நிறுத்திக்கொண்டவரும் வைத்திருக்கிறார். அதனால் ஆணா பெண்ணா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, “என்ன படிச்சிருக்கீங்க, எங்க பயிற்சி எடுத்தீங்க?” என்பதுதான். பயிற்சி இல்லாத ‘தெரிஞ்ச அக்கா’வை விட, பயிற்சியுள்ள முன்பின் தெரியாத ஆண் எவ்வளவோ மேல்.

மாதம் ஒரு தடவை மருந்துக்காகப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிற இடத்தில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு எடை இல்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளுக்குத் தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் தள்ளிப்போவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு. டாக்டர் எதிர்பாலினத்தவர் என்றால் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். சொல்லியிருந்தால் மருந்தையோ அளவையோ மாற்றியிருப்பார். மற்றபடி, வாரா வாரம் முக்கால் மணி, ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து மனசைத் திறக்கிற இடத்தில்தான் இந்தக் கேள்வி உண்மையாக எழுகிறது. இனி தெரபிஸ்ட் என்று சொல்வதெல்லாம் அந்த இடத்தில் இருப்பவரைத்தான்.

ஆய்வுகள் எதுவரைக்கும் சொல்கின்றன

ஆண் தெரபிஸ்ட்களிடம் போனவர்கள், பெண் தெரபிஸ்ட்களிடம் போனவர்கள், இவர்களில் யார் அதிகம் தேறினார்கள் என்று ஒப்பிட்ட ஆய்வுகள் நிறைய உண்டு. 2001-இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த வித்தியாசம் மிகச் சிறியது. நடைமுறைக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பெண்கள்தான் பொறுமையாகக் கேட்பார்கள், ஆண்கள்தான் நேராக வழி சொல்வார்கள் என்பதெல்லாம் நம் வீட்டு அனுபவத்தைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போவது. பயிற்சி எடுத்த ஆள் இருவரில் யாராக இருந்தாலும் கேட்கத்தான் பழகியிருப்பார்.

எது வேலை செய்கிறது என்றால், உறவு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் அதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எங்கே போகப்போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து, அதற்கு என்னென்ன செய்யப்போகிறோம் என்பதில் ஒத்த கருத்து, அப்புறம் இருவருக்கும் நடுவில் இருக்கிற நம்பிக்கை. இந்த உறவு பலமாக இருந்தால் சிகிச்சையின் பலனும் கூடுகிறது என்று, 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டியது. தெரபிஸ்ட் ஆணா பெண்ணா என்பது இந்த மூன்றில் கடைசியான நம்பிக்கையைத்தான் தொடுகிறது. முதல் இரண்டில் அதற்கு வேலை இல்லை.

அதே 2018-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, சிகிச்சைக்கு வருகிறவரின் விருப்பத்தைக் கேட்டு நடந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தது. விருப்பம் என்றால் ஆண், பெண் மட்டும் இல்லை; எந்த வகைச் சிகிச்சை, வீட்டுப் பாடம் கொடுக்கலாமா கூடாதா எல்லாம் அதில் அடக்கம். கேட்டது கிடைத்தவர்கள் ஓரளவு நன்றாகத் தேறினார்கள். பாதியில் நின்றுவிடுவதும் குறைவாக இருந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கடைசித் தகவல்தான் பெரிது. கவுன்சலிங்குக்கு ஒரு தடவை போய்விட்டு, “நமக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க” என்று சொல்கிறவர்கள் நம் கொங்குப் பக்கம் எத்தனை பேர்! சரிப்பட்டு வராமல் போனது சிகிச்சையா, எதிரே உட்கார்ந்திருந்த ஆளா என்று அவர்கள் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளியே வராத அந்த ஒரு வாக்கியம்

யாரிடமும் சொல்லாத வாக்கியம் ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதுங்கள். “குழந்தையப் பாத்தா எனக்குப் பாசமே வரலை.” “கல்யாணமாயி மூணு வருசமாச்சு, எங்களுக்குள்ள இன்னும் ஒண்ணும் நடக்கலை.” “மாமனார் பாக்கற பார்வை சரியில்லை.” “கம்பெனிக் கடன் ஒண்ணரைக் கோடி, வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது.” எழுதினதை மனசுக்குள் ஒரு தடவை, எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அப்புறம் ஓர் ஆண் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள். எங்கே தொண்டை அடைக்கிறது? இரண்டு பக்கமும் ஒரே அளவு சங்கடம் என்றால், உங்கள் விஷயத்தில் இது முக்கியமில்லை. முதலில் கிடைக்கிற நல்ல ஆளிடம் போகலாம். ஒரு பக்கம் வாக்கியமே பாதியில் முறிகிறது என்றால், அதை மதித்து நடங்கள். தாளை மறக்காமல் கிழித்துப் போட்டுவிடுங்கள். கூட்டுக் குடும்பத்தில் தாளுக்குக் கால் முளைக்கும்.

இப்படிச் செய்து பார்த்தால் எதிர்பாராத பதில் வருவதும் உண்டு. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிற ஒருவருக்குக் கடன்தான் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். தொழில் விஷயம், ஆணிடம் பேசினால்தான் புரியும் என்று முதலில் தோன்றும். ஆனால் இன்னோர் ஆண் முன்னால் ‘நான் தோத்துட்டேன்’ என்று சொல்வதுதான் அவருக்கு முடியாத காரியமாக இருக்கலாம். சந்தையிலும் சங்கக் கூட்டத்திலும் ஆண்களுக்கு நடுவில் காப்பாற்றி வந்த கௌரவம் அங்கேயும் வந்து குறுக்கே நிற்கும். அவருக்குப் பெண் தெரபிஸ்ட் முன்னால் அழுவது சுலபம். இன்னொருவருக்கு நேர்மாறு. பெண்களிடம் மரியாதையாக, ‘ங்க’ போட்டு, நல்ல பிள்ளையாகவே பேசிப் பழகியவர். அவருடைய குடியைப் பற்றியோ, மனைவியை அடித்ததைப் பற்றியோ ஒரு பெண் கேட்டால் பாதியை விழுங்கிவிடுவார்.

ஆண்கள் விஷயத்தில் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். மாதக்கணக்கில் போர்வெல் ரிக் வண்டியோடு வட மாநிலங்களில் கிடக்கிற திருச்செங்கோட்டுக்காரருக்கும், லாரி டியூ கட்ட முடியாமல் தவிக்கிற நாமக்கல்காரருக்கும், பேச ஓர் ஆள் வேண்டும் என்பதே முதலில் தோன்றுவதில்லை. அப்படி ஒருவர் ஒருவழியாகச் சம்மதித்து, “ஜென்ட்ஸ்னா வர்றேன்” என்றால், அங்கே போய் ஆய்வு முடிவையெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ஜென்ட்ஸைத் தேடுங்கள். உளவியல் படிக்கிறவர்களில் பெண்களே அதிகம் என்பதால் கொஞ்சம் கூடத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

விருப்பத்துக்கு முழு எடை கொடுக்க வேண்டிய இடம் பாலியல் வன்முறை. அங்கே வாதத்துக்கே வேலை இல்லை. ஓர் ஆணால் காயப்பட்ட பெண், மூடிய அறையில் இன்னோர் ஆணோடு தனியாக உட்கார முடியவில்லை என்றால், அந்த உடம்பு சொல்வதுதான் சரி. அதற்காக எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். நல்ல ஆண் ஒருவரிடம் பேசிப் பழகுவதே மருந்தாக இருந்தது என்று சொல்கிற பெண்களும் உண்டு. சிறு வயதில் ஆணால் பாதிக்கப்பட்ட ஆண்களும் உண்டு. ‘ஆம்பளைப் பையன்தானே, ஆம்பளை டாக்டர்கிட்டயே விடலாம்’ என்று வீட்டார் முடிவு செய்வது அவர்களுக்குப் பெரிய கொடுமை. தேர்வு பாதிக்கப்பட்டவருடையதாக இருக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

தூக்கமின்மை, பரீட்சைப் பயம், பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடப்பது போன்ற விஷயங்களுக்குப் பயிற்சி அடிப்படையிலான குறுகிய காலச் சிகிச்சை உண்டு. தூங்கும் நேரத்தைக் குறித்து வருவது, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திப்பது என்று வேலை நடக்கும். இவற்றுக்கு ஆண், பெண் பார்த்துத் தள்ளிப்போடுவது காலவிரயம்.

‘எந்தக் கூட்டமுங்க?’

நம் ஊரில் இந்தக் கேள்விக்குள் இன்னொரு பயம் ஒளிந்திருக்கிறது. கோபியிலிருந்து தாராபுரம் வரைக்கும், புதிதாக இருவர் சந்தித்தால் “எந்த ஊருங்க?” என்று ஆரம்பிக்கும். கவுண்டர் வீடுகளில் அடுத்தது, எந்தக் குலம் என்று கேட்கிற “எந்தக் கூட்டமுங்க?” ரெண்டே நிமிடத்தில் பங்காளியா, மாமன் மச்சான் முறையா என்று தெரிந்துவிடும், அப்புறம் அவருடைய சித்தி வீட்டுச் சீரில் உங்கள் அம்மாவைப் பார்த்ததுவரைக்கும் பேச்சு போகும். மற்ற சாதிகளிலும் கேள்வி மாறுமே தவிர, கடைசியில் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். இப்படிப்பட்ட ஊரில் “லேடிதான் வேணும்” என்று ஒருவர் சொல்லும்போது, பல சமயம் அவர் உண்மையில் கேட்பது ‘விஷயம் வெளியே போகாத ஆள் வேணும்’ என்பதைத்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போய்விட்டால்? மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிட்டால்?

இந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கு வெடித்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் அடையாளமே வெளியில் கசிந்தது. அதைப் பார்த்த ஊர், ‘சொன்னால் இதுதான் நடக்கும்’ என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் பயம் இதுதான் என்றால், பெண் தெரபிஸ்ட்டைத் தேடுவது அதற்கு மருந்து ஆகாது. பக்கத்து ஊர்ப் பெண், உங்கள் அத்தையோடு ஒரே கோயிலுக்குப் போகிறவர் என்றால் அந்தப் பயம் அப்படியேதான் இருக்கும். ஊர் தள்ளிப் போவதுதான் வழி. கோபிக்காரர் கோயம்புத்தூருக்கு, கோயம்புத்தூர்க்காரர் ஆன்லைனில் சென்னைக்கு.

சட்டமும் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்கிறது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் உத்தரவிட்டால் சொல்லலாம். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு நடந்த பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். நல்ல தெரபிஸ்ட் இந்த எல்லைகளை முதல் நாளே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

நேர்மாறாக, ‘நம்ம ஆளா இருந்தாத்தான் நம்ம கஷ்டம் புரியும்’ என்று ஒரே சாதியில் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தங்கள் இனத்தைச் சேர்ந்த தெரபிஸ்ட் கிடைத்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதை 2011-இல் தொகுத்துப் பார்த்தார்கள். தங்கள் ஆளையே மக்கள் விரும்பினார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. சிகிச்சைப் பலனில் மட்டும் வித்தியாசம் ஏறத்தாழ இல்லை. இனமும் சாதியும் ஒன்றல்லதான். ஆனாலும் யோசிக்க வைக்கிற தகவல். அதே சமயம் சாதியே காயமாக இருக்கிறவருக்கு இதன் கணக்கு வேறு. அருந்ததியர் வீட்டுப் பெண் ஒருவருக்கோ, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு பயந்து வாழ்கிற ஜோடிக்கோ, எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்பதைவிட, அவர் மனசில் சாதி இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. “சாதி மாறிக் கல்யாணம் பண்ணினவங்களோட பேசின அனுபவம் இருக்குங்களா?” என்று நேராகவே கேட்கலாம். பதில் வருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அக்கா, அண்ணா, சார்

தெரபிஸ்ட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட நம்மால் முடியாது. மேடம், சார், கொஞ்சம் பழகினதும் அக்கா, அண்ணா. முறை வந்துவிட்டால் அதற்குரிய நடத்தையும் கூடவே வந்துவிடும். அக்காவிடம் படுக்கையறை விஷயம் பேச முடியாது. அண்ணன் சொன்னதைத் தட்ட முடியாது. சார் என்றால் வீட்டுப் பாடம் முடிக்காமல் போகவே பயம். நம் வாழ்க்கையில் முக்கியமானவர்கள் மேல் வைத்திருக்கிற பாசம், பயம், கோபம் எல்லாம் தெரபிஸ்ட் மேல் இடம் மாறி உட்காருவதை உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் முதலிலேயே கவனித்தார். 1931-இல், பெண்களின் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதியபோது, தாய் மீதான ஆரம்பப் பிணைப்பைத் தன்னைவிடப் பெண் உளப்பகுப்பாய்வாளர்கள் சுலபமாகக் கண்டுகொண்டார்கள் என்றும், அவர்களிடம் வந்தவர்கள் அவர்களைத் தாயின் இடத்தில் வைத்துப் பார்க்க முடிந்ததே காரணம் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். ஃப்ராய்டின் பல கருத்துகள் இன்று செல்லுபடியாவதில்லை. இந்தக் கவனிப்பு மட்டும் நிற்கிறது.

இதனால் என்ன? அப்பாவிடம் பயந்தே வளர்ந்த பெண்ணுக்கு ஆண் தெரபிஸ்ட் கஷ்டமாக இருக்கும். ஆரம்பத்தில் அது தடை. ஆனால் வருகிற பிரச்சினையே மேலதிகாரி, கணவன், மாமனார் என்று ஆண்கள் முன்னால் வாயடைத்துப்போவதுதான் என்றால், அந்த அடைப்பு அறைக்குள்ளேயே நடப்பதைப் பார்த்துச் சரிசெய்ய அது வாய்ப்பும் ஆகிறது. நீச்சல் பழகக் கிணற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். அதற்காக முதல் நாளே நடுக்கிணற்றில் குதிக்கச் சொல்ல மாட்டேன். முதலில் சௌகரியமானவரிடம் ஆரம்பித்து, தெம்பு வந்தபிறகு தேவைப்பட்டால் மாறிக்கொள்ளலாம்.

சௌகரியம் என்று நாம் சொல்வது சில சமயம் தப்பிக்கிற வழியாகவும் இருக்கும். ‘ஆம்பளைன்னா என் பக்கம் பேசுவார்’ என்று கணவனும், ‘லேடின்னா எனக்காகப் பரிஞ்சு பேசுவாங்க’ என்று மனைவியும் கணக்குப் போடுவது தம்பதி சிகிச்சையில் சாதாரணம். இருவரும் சேர்ந்து ஒரே ஆளை ஒப்புக்கொள்வதுதான் அங்கே முக்கியம். தாம்பத்தியச் சிக்கல்களுக்கு அமெரிக்காவில் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இரண்டு தெரபிஸ்ட்கள் ஒன்றாக உட்காருகிற முறையைக் கொண்டுவந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிற்பாடு நடந்த ஆய்வுகளில், ஒரே தெரபிஸ்ட் இருந்தாலும் பலன் குறையவில்லை என்று தெரிந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் முடிவு செய்துவிடுவதுதான் நம் வழக்கம். பெண் பிள்ளை என்றால் லேடி. அந்தப் பெண் தப்பிக்க நினைப்பதே ‘அம்மா மாதிரி ஒருத்தர்’ கேட்கிற கேள்விகளிலிருந்து என்றால்? ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிற பையனுக்கு, காலையிலிருந்து ராத்திரிவரை ஆண் வாத்தியார்களும் வார்டனும் விரட்டுகிறார்கள் என்றால், ஆண் கவுன்சலர் இன்னொரு ‘சார்’ ஆகத்தான் தெரிவார். பிள்ளையைக் கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடும்.

திருநர்களுக்கும் தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கும், எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான். ‘இவர் என்னை மாற்றப் பார்ப்பாரா?’ என்பதே முதல் கேள்வி. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி மாற்ற முயலும் ‘சிகிச்சை’களைத் தடை செய்ய உத்தரவிட்டார். அந்த வழக்கைத் தீர்மானிக்கும் முன், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் அவர் அமர்ந்து கேட்டுக்கொண்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் இப்படி மாற்ற முயல்வதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் ஆணோ பெண்ணோ, எழுந்து வந்துவிடலாம்.

கேட்பது எப்படி

போனில் சுருக்கமாகக் கேட்டால் போதும்: “லேடிகிட்டப் பேசினாத்தான் எனக்குச் சௌகரியமா இருக்குமுங்க. யாராச்சும் இருக்காங்களா?” ‘ஏன்?’ என்று கேட்டால், “சும்மாதானுங்க, அதுதான் சௌகரியம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வரவேற்பில் இருப்பவரிடம் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. இல்லை என்றால், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், வேறு யாரைச் சொல்வார்கள் என்று கேளுங்கள். இரண்டு வாரம் காத்திருக்கலாம். தூக்கமே போய்விட்டது, சாகலாம் போலிருக்கிறது என்கிற நிலையில் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கு யார் இருக்கிறாரோ அவரிடம் போக வேண்டும். 14416 என்ற எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அரசு ஆஸ்பத்திரிகளில் தேர்வு குறைவு. கோவை ஜி.எச். ஆனாலும் பெருந்துறை ஆனாலும், ஓ.பி.யில் அன்றைக்கு யார் பணியில் இருக்கிறாரோ அவர்தான். ஆனால் மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல மருத்துவரோடு உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் ஆகியோருக்கும் இடம் உண்டு. டாக்டர் ஆண், பேச்சு வழியாகச் சிகிச்சை தருகிறவர் பெண் என்று அமைவதும் சகஜம். ‘மருந்து நீங்களே எழுதுங்க சார், பேசறதுக்கு மேடம்கிட்ட அனுப்புங்க’ என்று கேட்பது தப்பே இல்லை. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பதும் அப்படித்தான்.

ஆன்லைன் என்றால் தேர்வு விரிகிறது, ஆனால் பேச இடம் வேண்டும். ஹாலில் அப்பத்தா உட்கார்ந்திருக்க, அறைக்குள் மெதுவாகப் பேசுகிற செஷனில் அந்த வாக்கியம் வராது. காரிலோ, தோட்டத்துச் சாளை வீட்டிலோ, யாருமில்லாத மாடியிலோ உட்காருங்கள். சிக்னல் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

ஆரம்பித்தபிறகு மூன்று, நான்கு செஷன் கொடுத்துப் பாருங்கள். முதல் நாள் கூச்சம் யாரிடமும் இருக்கும். அதற்குப் பிறகும் அந்த வாக்கியம் வரவில்லை என்றால், அதையே பேச்சாக்குங்கள்: “நீங்க ஜென்ட்ஸா இருக்கறதால எனக்கு ஒரு விசயம் சொல்ல வரலைங்க.” நல்ல தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ள மாட்டார், அதைப் பற்றியே இன்னும் கொஞ்சம் கேட்பார், தேவையென்றால் வேறொருவரிடம் அனுப்புவார். முகம் சுருங்கினால் அது அவருடைய பிரச்சினை. தேவையில்லாமல் தொடுவது, ராத்திரி சொந்தக் கதை மெசேஜ் அனுப்புவது, வெளியே சந்திக்கக் கூப்பிடுவது ஆகியவை யார் செய்தாலும் தப்பு. பெண்ணிடம் போனால் இந்த ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கிளினிக் தலைமையிடமோ, அவர் பதிவு செய்திருக்கிற அமைப்பிடமோ புகார் செய்யலாம். டாக்டர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ.

வேறொருவரிடம் மாறுவது என்று முடிவானால், இதுவரை நடந்ததைப் பற்றி ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிரச்சினைக்காக வந்தீர்கள், என்ன முயன்றார்கள், எது உதவியது என்பது அதில் இருந்தால் போதும். புது ஆளிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.